நெடுங்குட்டையில் எல்லோருக்கும் நார்மல்

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து நெடுங்குட்டையில் எல்லோருடைய பிரஷரும் இறங்க ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது சாமுண்டீஸ்வரிதான். அவளை விட்டால் கவனிக்க அங்கே வேறு ஆளும் கிடையாது. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, மாதத்துக்கான மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. அரசாங்கத் திட்டம்தான், ஆனால் அரசாங்க உத்தியோகம் இல்லை. மகளிர் குழுவிலிருந்து எடுத்து, கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, தோளில் ஒரு பையை மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, காலனிகளெல்லாம் முடிந்த பிறகு ஏரிக் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி, இந்தப் பக்கம் பஞ்சாயத்து. அந்தப் பக்கம் சாயங்காலம் வரைக்கும் டாக்டர் உட்கார்ந்திருக்கிற ஆஸ்பத்திரி இருந்தது. நெடுங்குட்டைக்காரர்கள் அங்கே போனால் விலாசத்தைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேற ஆஸ்பத்திரிம்மா" என்பார்கள். அந்த வேற ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஊருக்குள் இருந்தது ஒரு துணை நிலையம். அதில் நர்ஸ் ஜான்சி. அவளுக்கும் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊர். ஆக, பெரும்பாலான நாட்களில் நெடுங்குட்டைக்கு வைத்தியம் என்பது சாமுண்டீஸ்வரியின் தோள்பைக்குள் இருந்ததுதான்.

கார்த்திகை மழையில் அந்தப் பை நனைந்துபோனது. கால்வாய் உடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீர் புகுந்த ராத்திரி, பெஞ்சின் மேல் வைத்திருந்த பை பெஞ்சோடு சாய்ந்துவிட்டது. காலையில் சேற்றிலிருந்து எடுத்துப் பிழிந்து உதறினாள். சுகர் மிஷின் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்ததால் தப்பித்தது. பிரஷர் மிஷினை, நனைந்த செல்போனுக்குச் செய்கிற மாதிரி, அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள். வெயில் வந்ததும் எடுத்து பேட்டரி போட்டால் திரையில் எண் வந்தது.

ஜான்சியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஆன் ஆவுதா?"

"ஆவுது சிஸ்டர்."

"அப்ப வெச்சுக்க. புதுசுக்கு எழுதிப் போடறேன், ஆனா எப்ப வரும்னு என்னைக் கேக்காத. போன வருஷம் கேட்ட எடை மிஷினே இன்னும் வரல."

அவ்வளவுதான் நடந்தது. அந்த மிஷினோடுதான் அவள் தை மாதம் மறுபடி தெருவில் இறங்கினாள்.

பிரஷர் அதிகம் என்று மாத்திரையில் இருந்தவர்களுக்கெல்லாம் எண் குறைந்து வந்தது. முதல் வாரம் அவள் சந்தேகப்பட்டாள். ஒருவருக்கே இரண்டு முறை, மூன்று முறை வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே எண். மிஷின் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டாதா? இத்தனை நாள் உப்பைக் குறைங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க, நடங்க என்று தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் இப்போதுதான் பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க நன்றாகவும் இருந்தது.

ஊரறிந்த பிரஷர் முனிரத்தினத்தின் பிரஷர். ஒரு காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் போட்டவர். நிலத்தை மனை மனையாக விற்று, மிச்சத்தில் வாடகை வீடுகள் கட்டி, ரோட்டோரம் சிமெண்ட் கம்பி கடை வைத்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். யாரையாவது அதட்டிக்கொண்டோ சிரித்துக்கொண்டோதான் இருப்பார். ஊர் முறைக்கு சாமுண்டீஸ்வரிக்கு மாமா.

"இன்னா சாமுண்டி, இன்னிக்கு இன்னா சொல்லுது உன் பொட்டி?"

"கையை ஆட்டாதீங்க மாமா. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

"பேசாம எப்டிம்மா யாவாரம் பண்றது?"

பட்டை புஸ்ஸென்று இறங்கியது. சாமுண்டீஸ்வரி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி பட்டையை இறுக்கினாள். மறுபடியும் அதேதான்.

"நூத்தி இருபத்தாறு மாமா. நார்மல்."

"எனக்கா?" அவர் கல்லாவை விட்டு எழுந்தேவிட்டார். "எம்மா, நல்லா பாரு. பக்கத்துல நிக்கிறவன் பிரஷரை எடுத்துட்டியா?"

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவர் டீ சொல்லி அனுப்பினார். அன்றைக்கு கம்பி வாங்க வந்தவன், மணல் ஏற்ற வந்தவன், எல்லோரிடமும் சொன்னார்: "எத்தினி டாக்டரைப் பாத்துகீறேன், ஒருத்தனாலயும் எறக்க முடியல. இந்தப் பொண்ணு கை ராசி. வூட்டாண்ட வந்து எறக்கிட்சு பாரு."

மாசி மாதம் வட்டாரக் கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பார்க்கிற தெருக்களில்தான் பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் அதிகம் என்று திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஸ்ரீவித்யா, இரண்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்ப்பதால் எப்போதும் கலைந்த தலையோடு இருப்பவள், முதல் வரிசையிலிருந்து கை தட்டினாள். பத்தாவது பெயிலாகி, கல்யாணமாகி, பதினைந்து வருஷமாக அடுப்பங்கரையும் ரேஷன் கடையுமாக இருந்தவளுக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்க மனசில்லாமல் நாற்காலியில் போட்டுவைத்தாள். தண்ணி லாரி ஓட்டிவிட்டு வந்த புருஷன் சம்பத், "இன்னாடி, எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்று சிரித்துவிட்டு, அதை அவனே எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

பங்குனியில் மாத்திரை சரியாக வரவில்லை. பிரஷர் மாத்திரை வேண்டியதில் பாதிகூட இல்லை.

"அதிகமா இருக்கறவங்களுக்கு முதல்ல குடுத்துடு சாமுண்டி" என்றாள் ஜான்சி. "நார்மலா இருக்கறவங்களுக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம். என்ன பண்றது, இருக்கறதைத்தான் பிரிக்க முடியும்."

முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் நின்று சாமுண்டீஸ்வரி அதைத்தான் சொன்னாள். அவர் மனைவி கங்கையம்மாள் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். புருஷனின் மாத்திரையை வேளை தவறாமல் தண்ணீரோடு கொண்டுபோய் நீட்டுவது அவள்தான்.

"மெடிகல்ல வாங்கிக்கவா?" என்று கேட்டாள். "இத்தினி நாளு உடாம போட்டாரு. நிறுத்துனா ஒண்ணும் ஆவாதில்ல?"

"எதுக்கு அத்தை வெளிய வாங்கணும்? மாமாவுக்குத்தான் நல்லா இறங்கியிருக்கே. ஒரு மாசம்தானே."

உள்ளேயிருந்து முனிரத்தினத்தின் குரல் வந்தது. "இல்லாதவங்களுக்குக் குடும்மா. எனக்கு இன்னாத்துக்கு? குதிரை மாதிரி கீறேன்."

கங்கையம்மாள் மறுபடி முறத்தைத் தூக்கினாள்.

அடுத்த மாதம் மாத்திரை வந்தது. ஆனால் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மாத்திரையை விட்டுவிட்டதை ஒரு சாமர்த்தியம் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரியும் ஒரு முறை எடுத்துச் சொன்னாள். பட்டையைக் கட்டிப் பார்த்தால் அப்போதும் நார்மல்தான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதற்குமேல் வற்புறுத்த அவளுக்கு வாய் வரவில்லை.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவிக்குச் சுகர் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைப்பக்கம் கூச்சல் கேட்டது. ஓடினாள். முனிரத்தினம் கல்லாவுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. மகன் தீனா அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

என்ன செய்வது என்று தெரியாமல் சாமுண்டீஸ்வரி தினமும் செய்வதையே செய்தாள். பையைத் திறந்து அவர் கையில் பட்டையைக் கட்டினாள். மிஷின் உறுமி, இறுகி, இறங்கியது. நூற்று நாற்பது சொச்சம். அந்த எண்ணையும் கோணிக்கொண்டிருந்த அந்த வாயையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிட்டது. மழைநீர்க் கால்வாய் கட்ட என்று தெருவைத் தோண்டி, கம்பி கட்டியபடி விட்டுப் போயிருந்தார்கள். கடையின் குட்டியானை வண்டியிலிருந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டு, அதில் ஒரு பாயை விரித்து அவரைக் கிடத்தினார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கொல்லைமேட்டு வழியாக வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. கங்கையம்மாளும் சாமுண்டீஸ்வரியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தருகே ஆம்புலன்ஸ் ஆள் ஏறி வந்து தன் மிஷினைக் கட்டிப் பார்த்தான்.

"இருநூத்திப் பத்துக்கு மேல கீது. பிரஷர் பேஷண்டா? மாத்திரை போடறாரா?"

"போட்டுகினுதான் இருந்தாரு" என்றாள் கங்கையம்மாள். "நார்மல்னு சொன்னாங்க. அதான் உட்டுட்டோம்."

யார் சொன்னார்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொண்டது. சாமுண்டீஸ்வரி பாலத்தின் மேல் நின்றாள். தோளில் பை இருந்தது. அதைக் கால்வாய்க்குள் எறிந்துவிடலாம் போல இருந்தது.

எறியவில்லை. நேராகத் துணை நிலையத்துக்குப் போனாள். ஜான்சி தடுப்பூசிக் குழந்தைகளை அனுப்பிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க சிஸ்டர்."

நிலையத்து மிஷினில் ஒரு எண். அவளுடைய மிஷினில் வேறு எண். கையை மாற்றிக் கட்டினார்கள். பிறகு சாமுண்டீஸ்வரியின் கையில் கட்டிப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் நனைந்த மிஷின் குறைத்துத்தான் காட்டியது. இருவரில் யாருக்குப் பிரஷர் கூடுதலோ அவருக்கு இன்னும் அதிகமாகக் குறைத்தது. ஜான்சி சோற்றை மூடி வைத்தாள்.

"எத்தனை வீடு?" என்றாள் ஜான்சி.

"என் தெரு எல்லாம் சிஸ்டர். எல்லா வீடும்."

மறுநாள் டாக்டர் ஸ்ரீவித்யா நோயாளிகள் வரிசையை நிறுத்திவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தாள்.

"இதை இங்கயே வெச்சுட்டுப் போங்க. இந்தாங்க, இது என்னோட சொந்த மிஷின். போன மாசம்தான் செக் பண்ணேன். இன்னைக்கே ஆரம்பிச்சு எல்லாருக்கும் மறுபடி பாருங்க. அதிகம் இருந்தா உடனே மாத்திரை. ஆனா சாமுண்டீஸ்வரி, மிஷின் விஷயம் இப்போ வெளிய வேண்டாம்."

"மேடம்..."

"நான் மறைக்கச் சொல்லல. மேல ரிப்போர்ட் பண்றேன். ஆனா ஊர்ல இது தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர் கதவு திறக்க மாட்டாங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, ஜான்சிக்கும் எனக்கும்தான். குழந்தைக்கு ஊசி போட விடுவாங்களா? அதையும் யோசிங்க."

அது பயத்தில் சொன்னதாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது. சாமுண்டீஸ்வரி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

நல்ல மிஷினோடு மறுபடி தெருவில் இறங்கினாள். நூற்றெழுபது, நூற்றெண்பது என்று வந்தது. ஊர் அதை நம்பவில்லை.

அப்பார்ட்மெண்டில் துப்புரவு வேலை பார்க்கும் தபீதாள் தன் கையைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். "இது வேற மிஷினாச்சே. பழசு எங்க?"

"அது ரிப்பேராயிடுச்சுக்கா. இது புதுசு."

"புதுசு பொய் சொல்லுது. எனக்குத் தலைசுத்தல் ஒண்ணியும் கெடையாது. நீ அந்த மிஷினே எடுத்துகினு வா, கை நீட்றேன்."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்தான். நல்ல எண்ணுக்குப் பழகியிருந்தார்கள். மாத்திரையைக் கொடுத்தால் வாங்கி, டி.வி. மேல் வைத்தார்கள். அடுத்த வாரம் போனால் அது அப்படியே இருந்தது. "முனிரத்தினம் மாமாவுக்கு வந்ததைப் பாத்தீங்க இல்ல?" என்று கெஞ்சினாள். அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. "அவருக்கு நார்மலா இருக்கறப்பவே வந்துட்சே. அப்புறம் மாத்திரை இன்னாத்துக்கு?"

வைகாசிக் கடைசியில் முனிரத்தினத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம், "பா... பா..." என்று. பசிக்கும் கோபத்துக்கும் அதே சத்தம்தான். முன்னறையில் இரும்புக் கட்டிலைப் போட்டு, கடைத்தெரு தெரிகிற ஜன்னல் பக்கம் தலையை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் சுவர்ப்பக்கம்தான் திரும்பிக்கொண்டார்.

பிசியோதெரபி செய்கிற பத்ரி முதல் தடவை வந்தபோது சாமுண்டீஸ்வரி கூடப் போக வேண்டியிருந்தது. அது அவள் வேலையில் சேர்ந்தது. இளைஞன், பொறுமைசாலி. தோளை எப்படிப் பிடிப்பது, முழங்கையை எப்படி மடக்கி நீட்டுவது, விரல்களை ஒவ்வொன்றாக எப்படிப் பிரிப்பது என்று செய்துகாட்டினான். "தினமும் செய்யணும். விட்டா இறுகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுத்தான்.

சாமுண்டீஸ்வரி கிளம்பும்போது கங்கையம்மாள் அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டில் வெறும் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

"ஊறுகாகூட வெச்சுக்கலையா அத்தை?"

"உப்பு சேக்கறதில்ல நான்" என்றாள் கங்கையம்மாள். "தீனா சொன்னான், நீதானே கருவாடு ஆக்கி ஆக்கிப் போட்டு நைனாவை இப்டி ஆக்கினேன்னு. மருமவளும் சொன்னா. நெசந்தானே. அவருக்குக் கருவாடுன்னா உசுரு. கேக்கறப்பல்லாம் போட்டுட்டேன். நார்மல்தானேன்னு போட்டுட்டேன். என் கையாலயே..."

அழவில்லை. கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

சாமுண்டீஸ்வரி வாசல் வரைக்கும் போனாள். செருப்பையும் போட்டுவிட்டாள். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. வெளியில் போனால் இன்றைக்கும் தபீதாள் வீட்டில் மாத்திரை டி.வி. மேல் இருக்கும் என்பதும் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தாள்.

"அத்தை, கருவாடு இல்ல. நான்தான்."

கங்கையம்மாள் நிமிர்ந்தாள்.

"மழையில என் மிஷின் நனஞ்சிடுச்சு. அதுல இருந்து எல்லாருக்கும் கொறைச்சே காட்டிகினு இருந்துது. எனக்குத் தெரியல. மாமாவுக்கு நார்மல்னு சொன்னது எல்லாம் தப்பு. மாத்திரை கடையில வாங்கட்டுமான்னு நீங்க கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. கங்கையம்மாள் அணைக்கவில்லை.

"எப்பத்லேர்ந்து தெரியும் உனக்கு?"

"அவர் வுழுந்த அன்னிக்கே."

"அன்னிக்கே." கங்கையம்மாள் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள். தட்டைத் தள்ளிவைத்தாள். "இத்தினி நாளா எம்புள்ள என்னயே குத்தம் சொல்லிகினு இருந்தான். நீ வந்து வந்து போய்கினு இருந்த."

"ஆமா அத்தை."

"எழுந்து போயிடு. நான் கைய நீட்றதுக்குள்ள போயிடு."

அன்று சாயங்காலமே சாமுண்டீஸ்வரி எல்லா வீட்டுக்கும் போனாள். முதலில் தபீதாள். "பழைய மிஷின் கெட்டுப்போச்சுக்கா. உனக்கு நார்மல்னு நான் சொன்னது பொய். இந்த மிஷின்தான் நிஜம். மாத்திரையை இப்பவே என் எதிர்ல முழுங்கு." தபீதாள் எழுந்துபோய் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னிமே என் வூட்டாண்ட வராத" என்றாள்.

அதே மாதிரி இன்னும் சில வீடுகள். சிலர் மாத்திரையை முழுங்கிவிட்டுத் திட்டினார்கள். சிலர் முழுங்காமல் திட்டினார்கள். ஒருவர் மிஷினைப் பட்டையோடு தெருவில் விட்டெறிந்தார். இருட்டுவதற்குள் விஷயம் அவளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசித் தெருவில் அவள் நுழைந்தபோது கதவுகள் சாத்தியிருந்தன.

தீனா வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று அவன் கத்தியதைத் தெருவே கேட்டது. "கை ராசின்னு சொன்னாரே எங்க நைனா, உன்னை! சால்வை போத்திகினியே, அதுக்குத்தானே எல்லாம்!" சம்பத் குறுக்கே போய் நின்றான். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் பிரித்துவிட்டார்கள். சாமுண்டீஸ்வரி கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. அவன் சொன்னதில் பாதி பொய் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. அந்தக் கைதட்டல் இல்லாவிட்டால் தை மாதத்தில் விட்டுவிட்ட சந்தேகம் மறுபடி எழுந்திருக்குமோ என்று அவளுக்கே தோன்றிக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கவனக்குறைவு என்று காரணம் சொன்னார்கள். மிஷினைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஜான்சிக்கும் ஒரு மெமோ வந்தது. பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டர் ஸ்ரீவித்யா, "நான் எழுதின ரிப்போர்ட்டுக்கு இன்னும் பதில் வரல" என்றாள். பிறகு, "சொல்லாதீங்கன்னு சொன்னேன் இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு மூன்றாவது நிலையமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

சாமுண்டீஸ்வரியின் இடத்துக்கு யாரும் வரவில்லை. பை துணை நிலையத்து அலமாரியில் பூட்டிக் கிடந்தது. மாத்திரை வேண்டுமென்றால் ஜான்சி வருகிற நாள் பார்த்து நிலையத்துக்குப் போக வேண்டும். நடக்க முடிந்தவர்கள் போனார்கள். ஆடி மாதத்தில் கீழத்தெருக் கொத்தனார் ஒருவர் தூக்கத்திலேயே போனார். பிரஷராக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல ஆளில்லை. சாமுண்டீஸ்வரி சாவு வீட்டுக்குப் போய் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அவள் கேம்ப் ரோட்டில் ஒரு துணிக்கடையில் மடித்து அடுக்கும் வேலைக்குப் போனாள். மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் அவள் குடத்துக்கு வழி விட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

ஆவணியில் ஒரு நாள் அந்தக் குழாயடிக்கு கங்கையம்மாள் வந்தாள். கையில் குடம் இல்லை. மற்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"வா" என்றாள்.

சாமுண்டீஸ்வரி குடத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது எனக்கு வராது. அவருக்கு வெரலு மடங்கிகினே போவுது. நகம் உள்ளங்கையில குத்தி சீழ் வெச்சுகீது. அந்த பிசியோ தம்பி வந்து மாசக்கணக்காச்சு, அவருக்கும் எத்தினி ஊரோ. எனக்குப் பிரிக்க வரல. நீ பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தே இல்ல?"

"பாத்தேன் அத்தை."

"தீனா கடைக்குப் போனப்புறம் வா."

முன்னறையில் வாடை அடித்தது. முனிரத்தினம் பாதியாக இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது. "பா... பா... பா..." என்று சத்தம் எழுந்தது. வலது கை மார்போடு மடங்கி, முஷ்டி இறுகிக் கிடந்தது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து அந்த முஷ்டியைத் தொட்டதும், நல்ல கையான இடது கையால் அவள் தோளில் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். பலம் எல்லாம் அந்தக் கைக்குப் போயிருந்தது போலிருக்கிறது, சாமுண்டீஸ்வரி சுவரோடு சாய்ந்தாள்.

கங்கையம்மாள் வந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள். "பண்ணு" என்றாள்.

சாமுண்டீஸ்வரி வெந்நீரில் துணியை நனைத்து முஷ்டியின் மேல் போட்டாள். சூடு இறங்கிய பிறகு சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக, பத்ரி காட்டியபடி, இழுக்காமல், அழுத்திக்கொண்டே மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கையில் நான்கு நகக் குழிகள் பழுத்துப்போயிருந்தன. துடைத்தாள். அவர் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. அது வலியா, அவமானமா, அவளுக்குப் புரியவில்லை. கங்கையம்மாளுக்கும் புரிந்திருக்காது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நகங்களை ஒட்ட வெட்டி, மறுபடி மூடிக்கொள்ளாதபடி ஒரு துணிச் சுருளை அவர் உள்ளங்கையில் வைத்தபோது வாசலில் தீனாவின் வண்டிச் சத்தம் கேட்டது. கங்கையம்மாள் தலையை அசைத்துப் பின்கட்டைக் காட்டினாள்.

சாமுண்டீஸ்வரி வெந்நீர்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். கொல்லையைத் தாண்டி, பக்கத்து மனையின் முள்கம்பியைத் தூக்கிக் குனிந்து வெளியே போனாள். மறுநாளும் அந்த வழியாகத்தான் வந்தாள்.